மண்டையோடு அனுப்பினால் என்ன பொருள்?

கேள்வி: கோண்டாவில் வாசகி ஒருவர்
7 ஜூன் 2025

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சென்ற கிழமை முற்றத்தில் காய வைத்திருந்த ஒடியலைக் காகம் தூக்க, அவர் விளக்குமாற்றோடு பின்னால் ஓடினார். மகள் அதைக் காணொளியாக எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் தன் மச்சாளுக்கு அனுப்பினாள். மறுமொழியாக ஏழு மண்டையோடுகள் வந்தன. வேறு ஒரு சொல்லும் இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குச் சாவு?” என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அன்றிரவு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் அவர் படுத்தார். உயிரோடு இருக்கும் மனிதரின் படத்துக்குக் கீழே மண்டையோட்டைப் போடுவது எந்த ஊர்ப் பழக்கம்? அந்தப் பிள்ளை அம்மாவை அவமதித்தாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

7 ஜூன் 2025, இரவு

அவமதிக்கவில்லை. முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

கே.கே.எஸ். வீதியில் பதினேழு வருடங்களாகக் கைபேசி திருத்துகிறேன். பிறர் செய்திகளை வாசிப்பது என் பழக்கம் இல்லை. ஆனால், “தம்பி, இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டுத் தாங்களாகவே திரையை நீட்டுபவர்கள் கிழமைக்கு நாலு பேராவது வருகிறார்கள். அதிகம் கேட்கப்படுவது இந்த மண்டையோடுதான்.

அதன் பொருள் ‘சிரித்தே செத்துவிட்டேன்’ என்பது. நாமும் சொல்வோம்தானே, சிரித்துச் சிரித்து உயிர் போய்விட்டது என்று. அதைக் கேட்டு யாரும் பாடை கட்டுவதில்லை. நாம் வாயால் செத்ததைப் பிள்ளைகள் படத்தால் சாகிறார்கள், அவ்வளவுதான். ஏழு மண்டையோடு என்றால் அந்தப் பிள்ளை ரொறன்ரோவில் தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள்.

நமக்குப் பழகிய சிரிப்பு, இரண்டு கண்ணிலும் நீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகம். 2015இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர்கள் அந்த முகத்தையே ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தார்கள். பத்து வருடத்தில் அது பெரியவர்களின் சிரிப்பாகிவிட்டது. கடையில் என்னோடு வேலை செய்யும் தம்பிக்குப் பத்தொன்பது வயது. அவன் அதைத் தொடுவதே இல்லை. “அது அம்மாமார் அனுப்புவது அண்ணா” என்றான். எமோஜி என்ற பெயரே உணர்ச்சியைக் குறிக்கும் எமோஷன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. உணர்ச்சியைக் காட்டும் விதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்போது படமும் மாறத்தானே செய்யும்.

8 ஜூன் 2025

நேற்று எழுதியதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். பாதிதான் சரி என்றான்.

ஏழு மண்டையோடு சிரிப்பு. ஒன்றே ஒன்று, சொல் எதுவும் இல்லாமல் வந்தால், அது சிரிப்பாகவும் இருக்கலாம், ‘இதையெல்லாம் போய் எழுதியிருக்கிறாயே’ என்ற வெட்கமாகவும் இருக்கலாம். யார் அனுப்பினார், அதற்கு முதல் இருவரும் என்ன கதைத்தார்கள் என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்கிறான். ஆறு போலக் கண்ணீர் பாயும் முகமும் அப்படியே. அவனுடைய நண்பர்கள் அதை அழுகைக்கு வைத்திருப்பதைவிடச் சிரிப்புக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறார்கள். அன்பு தாங்க முடியாதபோதும் அதே முகம். பூனைக்குட்டியின் படத்தைக் கண்டாலும் அது வருகிறது, சோதனைப் பெறுபேறு வந்தாலும் வருகிறது.

இதயத்தின் நிறங்களையும் கேட்டேன். சிவப்பு அவனுக்கு அம்மாவுக்கும் காதலிக்கும் மட்டும். நண்பனுக்கு நீலம் அல்லது கறுப்பு. “எல்லோரும் இப்படியா?” என்றேன். “எங்கள் வகுப்பில் இப்படி. பக்கத்து வகுப்பு எனக்குத் தெரியாது” என்றான். நான் எழுதிய மறுமொழியை விட அவனுடைய இந்த மறுமொழி நேர்மையானது. ஆகவே நேற்று நான் அகராதி போல எழுதியதைக் கொஞ்சம் தளர்த்தி வாசியுங்கள்.

11 ஜூன் 2025

சாவு வீட்டுச் செய்திக்கு எந்தப் படம் போடலாம் என்று மானிப்பாயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தப் படமும் வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சென்ற வருடம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மரணச் செய்தி வந்தது. என் பெரியம்மா சிரித்துக் கண்ணீர் விடும் அந்த முகத்தை மூன்று தடவை அனுப்பினார். அவருடைய கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு நீலத் துளிகள் மட்டும். மனம் நொந்து, உண்மையாகவே அழுதுகொண்டு அனுப்பிய படம் அது. இறந்தவரின் மகன் அந்தியேட்டி முடியும்வரை அவரோடு கதைக்கவில்லை. நான் கைபேசியை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, அந்த முகத்தின் வாயைக் காட்டினேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இது பல்லைக் காட்டுகிறதே” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் எந்த முகத்தையும் யாருக்கும் அனுப்பவில்லை. அது எனக்குக் கவலை.

2022 மே மாதம் வட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு படத்தை ஒட்டும் வசதி வந்தது. தொடக்கத்தில் ஆறு படங்கள்தான்: பெருவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கூப்பிய கை. அந்த வரிசையில் பெருவிரல் முதலாவதாக இருப்பதால் அவசரத்தில் விரல் அதிலேயே விழுகிறது. எட்டுச் செலவு அறிவித்தலுக்குக் கீழே பெருவிரல் நிமிர்ந்து நிற்பதை எத்தனை தடவை கண்டிருப்பேன்! ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் போகும்?

கூப்பிய கை நம்மிடையே பிழைக்காத படம். யப்பானியருக்கு அது வேண்டுகோளும் நன்றியும். நமக்கு வணக்கம், கோயில், அஞ்சலி எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் தம்பியின் தலைமுறை அதைக் ‘கும்பிட்டேன், ஆளை விடு’ என்பதற்கும் வைத்திருக்கிறது. உங்கள் மகன் நீண்ட புத்திமதிக்குக் கீழே கூப்பிய கை அனுப்பினால் பக்தி என்று எடுத்துவிடாதீர்கள்.

15 ஜூன் 2025

நேற்று வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைபேசியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “மகன் பாரிஸிலிருந்து வெறும் பெட்டியாக அனுப்புகிறான் தம்பி. கோபமோ தெரியவில்லை” என்றார்.

பார்த்தேன். இவர் ஒவ்வொரு நாளும் ‘சாப்பிட்டாயா’ என்று எழுதுகிறார். மகன் ‘ஓம் அம்மா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சதுரப் பெட்டி. ஏப்ரல் மாதம் தொடங்கி இதேதான். 

பெட்டி என்றால் மகன் அனுப்பிய படம் அந்தக் கைபேசியில் இல்லை என்று பொருள். எமோஜி படமாகப் பயணம் செய்வதில்லை. ஒரு எண்தான் போகிறது. தமிழின் அகரத்துக்கு யுனிகோட் அட்டவணையில் ஒரு எண் இருப்பதுபோல ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு உரிய படத்தை வாங்கும் கைபேசி தன்னிடமிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் புதிய எண்கள் சேர்கின்றன. பழைய கைபேசி புதிய எண்ணைக் கண்டால், என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டி காட்டும். நம்மில் பலருக்கு இது முன்பே பழக்கம். தமிழ் எழுத்து இல்லாத அந்தக் காலத்துக் கைபேசிகளில் நம் பெயரே பெட்டி பெட்டியாகத்தான் வந்தது.

கைபேசி பழையது, மாற்றினால்தான் தெரியும் என்று சொன்னேன். “அதற்கு வசதி இல்லைத் தம்பி” என்று திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். திரைக்கு ஒரு கண்ணாடி ஒட்டிக் கொடுத்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

19 ஜூன் 2025

இந்த எமோஜிகள் தமிழை அழிக்க வந்தவை, இவற்றுக்கு விளக்கம் எழுதுவதே துரோகம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நல்லூரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறீர்கள். உங்கள் வசனத்தின் முடிவில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குறி எங்கிருந்து வந்தது?

1822இல் உங்கள் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர்தான் தமிழ் உரைநடைக்குள் காற்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் கொண்டுவந்தார். ஆங்கில அச்சிலிருந்து எடுத்தவை அவை. ஏட்டில் இவை எவையும் இல்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைப்பதில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். ‘க’வா ‘க்’கா என்று வாசிப்பவரே பழக்கத்தால் அறிந்து வாசித்தார். குறி குறைந்த இடத்தைப் பழக்கம் நிரப்பியது. அச்சு வந்தபோது, வாசிப்பவர் யாரென்று தெரியாத நிலை வந்தது. அப்போது குறிகள் தேவைப்பட்டன. நாவலர் அந்தத் தேவையைக் கண்டார். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தடுக்கி விழாமல் வாசிக்க அது வழி செய்தது! வெளியிலிருந்து வந்த குறி என்பதால் தமிழ் அழியவில்லை.

இன்றைய பிள்ளைகளும் ஒரு தேவையைக் கண்டுதான் படத்தைத் தேடுகிறார்கள். அவர்கள் எழுதுவது கடிதம் இல்லை, பேச்சு. பேச்சில் முகமும் குரலும் உண்டு. கைபேசியில் இரண்டும் இல்லை. ‘ஓம்’ என்ற ஒரு சொல்லை நம்முடைய ஊரில் எத்தனை விதமாகச் சொல்வோம் என்று எண்ணிப் பாருங்கள். சம்மதத்தின் ஓம், சலிப்பின் ஓம், ‘நீ சொன்னால் சரிதான்’ என்று இழுக்கும் ஓம், நம்பாத ஓம். எழுத்தில் நாலும் ஒன்றே.

20 ஜூன் 2025

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திருத்தியிருக்கிறார். நாவலர்தான் முதலில் கொண்டுவந்தார் என்று அடித்துச் சொல்ல வேண்டாம், பாட நூல்களிலும் பதிப்புகளிலும் ஒழுங்காகப் பயன்படுத்திப் பரவச் செய்தவர் அவர் என்று எழுதுவதே சரி என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன் ரீச்சர். கோபத்தில் எழுதியதில் ஒரு சொல் கூடிவிட்டது.

29 ஜூன் 2025

பெருவிரலைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக இருக்கிறது.

மார்ச் மாதத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு, டிஸ்பிளே மாற்ற 18,500 ரூபாய் வரும், செய்யட்டுமா என்று செய்தி அனுப்பினேன். பெருவிரல் வந்தது. கொழும்பிலிருந்து பொருளை எடுப்பித்து மாற்றினேன். வந்து பார்த்துவிட்டு, “செய்தியைப் பார்த்தேன் என்றுதான் போட்டேன். செய்யச் சொல்லவில்லையே” என்றார். இரண்டு மணித்தியாலம் கதைத்துப் பாதிப் பணம் வாங்கினேன். அவர் பொய் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, கனடாவில் இதே வழக்கு நடந்தது என்று செய்தியை அனுப்பினார். சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயி. தானியம் வாங்கும் நிறுவனம் 2021 மார்ச்சில் 86 தொன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதிப்படுத்தச் சொல்லியது. அவர் பெருவிரல் அனுப்பினார். நவம்பரில் விலை ஏறியிருந்தது, விதை போகவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்று தெரிவிக்கவே விரல் போட்டேன் என்று அவர் வாதாடினார். 2023இல் நீதிபதி அதை ஒப்புதல் என்றே தீர்த்து, 82,000 கனடிய டொலருக்கு மேல் கட்டச் சொன்னார். 2024 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தீர்ப்புக்கான காரணம். பெருவிரல் எப்போதும் ஒப்புதல்தான் என்று நீதிபதி சொல்லவில்லை. இதே இருவருக்கும் இடையில் முந்தைய வருடங்களில் எப்படி நடந்தது என்று பார்த்தார். அப்போதெல்லாம் ‘சரி’ என்பது போன்ற ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டு, அந்த விவசாயி ஒழுங்காகத் தானியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த வழக்கமே விரலுக்குப் பொருள் கொடுத்தது. என் வாடிக்கையாளருக்கும் எனக்கும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அவர் முதல் தடவை வந்தவர். இப்போது மேசையில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன்: ‘சம்மதம் என்றால் செய்யுங்கள் என்று சொல்லால் எழுதவும்.’

தம்பிக்குப் பெருவிரலில் இன்னொரு குறை இருக்கிறது. அவனுடைய வயதுக்காரர்களுக்கு அது முகத்தில் அடிப்பது போன்றதாம். நீளமாக எதையாவது எழுதி, திரும்ப ஒரு விரல் வந்தால், ‘சரி, போதும், போ’ என்று கேட்கிறதாம். இதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவன் சொல்லி ஒரு கிழமைக்குள் எடுக்க வேண்டி வந்தது.

6 ஜூலை 2025

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அக்காவின் மகள் பேராதனையில் படிக்கிறாள். அக்காவின் கணவர் இல்லை, அவளுடைய செலவை நான் பார்க்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை எழுதுவேன். மே மாதத்தில் சோதனை எப்படி என்று கேட்டேன். ‘பரவாயில்லை மாமா’ என்று எழுதி, பக்கத்தில் இலேசாகச் சிரிக்கும் முகம். நான் பெருவிரல் அனுப்பினேன். கையில் பற்றவைக்கும் கருவி, ஒரு விரல்தான் ஓய்வாக இருந்தது. அடுத்த கிழமையும் அதே முகம், அதே விரல். ஆறு கிழமை இப்படியே போனது. பிள்ளை சிரித்துக்கொண்டு இருக்கிறாள் என்று அக்காவிடமும் சொன்னேன்.

அவள் அந்த ஆறு கிழமையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டு பாடம் பிழைத்துவிட்டது. அறைத்தோழி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து, வாங்கில் இருந்து தேநீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். கைபேசியை எடுத்து இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “இதைப் பாருங்கள் மாமா. உண்மையாகச் சிரிக்கும் முகத்துக்குக் கண்ணும் வளைந்திருக்கும், கன்னம் சிவந்திருக்கும். நான் அனுப்பியதற்குக் கண் இரண்டும் வெறும் புள்ளி. வாய் மட்டும் இழுத்துப் பிடித்திருக்கிறது. எங்களுக்குள் அது சிரிப்பு இல்லை. ஒன்றும் சொல்ல இயலாதபோது போடுவது.”

பதினேழு வருடமாகத் திரைகளையே பார்க்கிறேன். அந்தக் கண்களை நான் பார்த்ததில்லை. பெரியம்மா நீலத் துளிகளை மட்டும் கண்டார், நான் வாயை மட்டும் கண்டேன்.

“என்னுடைய விரல்?” என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். “கதவைச் சாத்தியது போல இருந்தது” என்றாள். பிறகு, “நீங்கள் முற்றுப்புள்ளி வேறு வைக்கிறீர்கள் மாமா. ‘சரி’ என்று எழுதி ஒரு புள்ளி. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பணம் கட்டிப் படிப்பிக்கிறீர்கள், பிழைத்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.”

முற்றுப்புள்ளி வைக்காவிட்டால் எங்கள் தமிழ் வாத்தியார் பிரம்பால் அடிப்பார். நான் ஒழுங்காக எழுதுகிறேன் என்று வைத்த புள்ளி அவளுக்குக் கோபமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் பிங்ஹம்ரன் பல்கலைக்கழகத்தில் 2015இல் மாணவர்களைக் கொண்டு இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். கைபேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் மறுமொழிக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள். அதே மறுமொழியைக் கையால் எழுதிய துண்டில் காட்டியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. கையெழுத்துக்குப் புள்ளி தேவைப்படவில்லை.

17 ஜூலை 2025

இன்று உலக எமோஜி நாளாம். அப்பிள் கைபேசியின் நாட்காட்டிப் படத்தில் ஜூலை 17 என்று இருப்பதால் இந்த நாளைத் தெரிவுசெய்தார்களாம். அந்தச் சாக்கில் என் பிழை ஒன்றைத் திருத்துகிறேன். ஜூன் 7ஆம் திகதி எழுதியது தவறு. எமோஜி, எமோஷனிலிருந்து வந்த சொல் இல்லை. யப்பானிய மொழியில் ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல். 1999இல் ஷிகெதாகா குரீத்தா என்பவர் ஒரு யப்பானியத் தொலைபேசி நிறுவனத்துக்காக 176 படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகளுக்குள். மழை, குடை, ரயில், இதயம் எல்லாம் அதற்குள் இருந்தன. இன்று அவை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படஎழுத்து. அந்தப் பெயரே எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது.

27 ஜூலை 2025

கையெழுத்துக்குப் புள்ளி தேவைப்படவில்லை என்று எழுதியது மனதை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத்தான் விளக்கு. அண்ணா அப்போதுதான் வெளிநாடு போயிருந்தார். கடிதம் எங்கெங்கோ சுற்றிக் கிழமைக்கணக்கில் தாமதித்து வரும். வழியில் யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால் அதில் ஒன்றும் இருக்காது. நான் சுகம், நீங்கள் சுகமா, அவ்வளவுதான். ஒவ்வொரு கடிதத்திலும் அதே வரிகள்.

அம்மா அதை விளக்குக்குக் கிட்டப் பிடித்து அரை மணித்தியாலம் பார்ப்பார். மூன்று வரிக்கு அரை மணித்தியாலமா என்று எனக்கு வியப்பாக இருக்கும். ஒரு நாள் சொன்னார்: “இவனுக்குக் காய்ச்சல்.” எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “‘சு’வின் வாலைப் பார். எப்போதும் நீட்டி இழுப்பான். இது பாதியில் விழுந்திருக்கிறது.” அடுத்த கடிதத்தில், போன மாதம் காய்ச்சலில் கிடந்தேன் என்று அண்ணா எழுதியிருந்தார்.

அச்சடித்தது போன்ற எழுத்தில் பிள்ளைகள் இன்று எழுதுகிறார்கள். ‘சு’வுக்கு எல்லோருக்கும் ஒரே வால். சுகம் என்று எழுதும் காய்ச்சல்காரனும் சுகம் என்று எழுதும் சுகதேகியும் ஒன்று போல இருக்கிறார்கள். அந்த விழுந்த வாலைத்தான் மருமகள் படமாக அனுப்பினாள். அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். படத்தை அறிந்திருக்க மாட்டார். ஆனால் ஆறு கிழமையாக ஒரே முகம் வந்தால், இவளுக்கு என்னவோ என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

கோண்டாவில் அம்மா, நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டின் பொருளை என்னிடம் கேட்டதைவிட ரொறன்ரோப் பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் சொல்வார்கள். கேட்டால் சந்தோஷமாகவே சொல்கிறார்கள். மருமகளும் தம்பியும் எனக்குச் சொன்னதுபோல.

2 ஓகஸ்ட் 2025

இன்று காலை ஒரு வாசகர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. 15 ஜூன் குறிப்பில் பிழை என்கிறார். அன்ட்ரொயிட் கைபேசிகளில் வட்ஸ்அப் தன் எமோஜிப் படங்களைத் தானே வைத்திருக்கிறது, கைபேசியிலிருந்து எடுப்பதில்லை. ஆகவே வட்ஸ்அப்பைப் புதுப்பித்திருந்தால் அந்தப் பெட்டிகள் திறந்திருக்கும், புதிய கைபேசி தேவையே இல்லை என்கிறார்.

அவர் சொல்வது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த அம்மாவின் கைபேசியில் இடம் நிறைந்திருந்தது, செயலி பல மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. அதைக் கண்டும் அன்று நான் யோசிக்கவில்லை. வசதி இல்லாதவரிடம், புதிதாக வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணாடி ஒட்டிய பற்றுச்சீட்டில் அவருடைய இலக்கம் இருந்தது. எடுத்தேன். செவ்வாய்க்கிழமை வருகிறார்.

5 ஓகஸ்ட் 2025

வந்தார். அதே துணி.

காலை வணக்கப் படங்களே ஆயிரக்கணக்கில் இருந்தன. பூவும் பிள்ளையாரும் உதயசூரியனும். அவரைக் கேட்டுக் கேட்டு அழித்தோம். பிள்ளையாரை அழிக்க மனம் வரவில்லை, நாலைந்தை வைத்துவிட்டோம். செயலியைப் புதுப்பித்து, மகனின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

எண் அங்கேதான் இருந்தது, படம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. ஏப்ரல் முதல் வந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முகங்களாகிவிட்டன. எல்லாம் ஒரே முகம். கண்ணுக்குக் கீழே பை தொங்கும், களைத்த முகம். 2024 செப்டெம்பரில் யுனிகோட்டில் சேர்ந்து, இந்த வருடம் மார்ச் முடிவில்தான் அப்பிள் கைபேசிகளுக்கு வந்த படம் அது.

“இது என்ன முகம் தம்பி?”

“கண் வீங்கியிருக்கிறது அம்மா. நித்திரை இல்லை என்பது போல.”

கதிரையில் இருந்து விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு ‘சாப்பிட்டாயா’வுக்கும் கீழே ஒரு ‘ஓம் அம்மா’, ஒரு வீங்கிய கண். ஏப்ரல்வரை போனார், திரும்பக் கீழே வந்தார். “இரவு வேலைக்குப் போகிறான். எனக்குச் சொல்லவில்லை” என்றார்.

தம்பி என் காதுக்குக் கிட்ட வந்து, பெடியன்கள் அதைச் சும்மா பகிடிக்கும் போடுவார்கள் அண்ணா, சொல்லிவிடுங்கள் என்றான். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “பாரிஸில் இப்போது என்ன நேரம்?”

“ஏழரை. விடிந்துவிட்டது.”

“அப்போ வந்திருப்பான்” என்று அழைப்புப் பொத்தானை அழுத்தினார். நான் சூட்டுக் காற்றுக் கருவியின் இரைச்சலை நிறுத்தினேன். மணி நீண்ட நேரம் போனது. மறுபக்கத்தில் எடுத்த சத்தம் கேட்டது.

“தம்பி, நித்திரை கொண்டாயா?” என்றார்.